உப்புக்காத்துக்கு எலிவேஷன் தெரியாது
(வாசகர் கேள்வி, ஆர்க்கிடெக்ட் பதில்)

நம்ம ராமநாதபுரம் கரையில வீடு கட்டுறதைப் பத்தி வந்திருக்கிற கேள்வியில பாதிக்கு மேல "ஸ்கொயர் ஃபீட்டுக்கு எவ்வளவு சார் ஆகும்"னுதான் இருக்கு. இடத்தைப் பாக்காம, மண்ணைப் பாக்காம ஒரு ரேட்டு சொல்ற ஆளு யாரா இருந்தாலும் நம்பாதீங்க, என்னையும் சேத்துத்தான். அதை ஒதுக்கி வச்சுட்டு மிச்சத்துக்கு வர்றேன்.

கீழக்கரை வாசகர், இப்ப துபாய்: அஸ்ஸலாமு அலைக்கும் சார். மகளுக்கு நிக்காஹ் பேசி முடிச்சாச்சு, ஊர் வழக்கப்படி வீடு குடுக்கணும். முன்பக்கம் ரெண்டு மாடிக்கும் முழுக் கண்ணாடி எலிவேஷன் வைக்கணும்னு எனக்கு ஆசை. எங்க உம்மா (அம்மா) வீட்டு நடுவுல வானம் தெரியிற மாதிரி முத்தம் (முற்றம்) வச்சுத்தான் கட்டணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறாங்க. நீங்க யார் பக்கம்?

வஅலைக்கும் ஸலாம் பாய். நான் உம்மா பக்கம். பெரியவங்க பேச்சுங்கிறதுக்காக இல்ல, அவங்க கேக்குறதுல கணக்கு இருக்கு. உங்க பழைய தெருவுல வீட்டுக்கு வீடு சுவர் ஒட்டித்தான் நிக்குது, பக்கவாட்டுல ஜன்னல் வைக்க வழியே கிடையாது, வெளிச்சமும் காத்தும் வரணும்னா ஒண்ணு தெருப்பக்கம், இல்லாட்டி வானத்துல இருந்துதான் வரணும். தெருப்பக்கம் கண்ணாடி வச்சா என்ன பண்ணுவீங்க, வீட்டுப் பொம்பளைங்க நடமாடணுமேன்னு உள்ளாற கர்ட்டன் போட்டு நாள் பூரா இழுத்து மூடி வைப்பீங்க, மூடி வைக்கிறதுக்கா அவ்வளவு காசு போட்டு கண்ணாடி? முத்தம்னா யாரும் எட்டிப் பாக்க முடியாது, சூட்டுக் காத்து மேல போயிரும், வீட்டுல ஒரு விசேஷம்னா சுத்தித் தாழ்வாரத்துல சஹன் (சேந்து சாப்பிடுற பெரிய தட்டு) வச்சு எல்லாரையும் உக்கார வச்சிரலாம்.

அங்க துபாய்ல கண்ணாடிக் கட்டடம் பளபளன்னு நிக்குதுன்னா உள்ள ஏசி நிக்காம ஓடுது, வெளிய கயித்துல தொங்கிக்கிட்டு தொடைக்க ஆள் வருது. கீழக்கரையில யாரு பாய் தொடைப்பா? கடல் காத்து அடிக்க அடிக்க உப்பு படிஞ்சு கண்ணாடி மங்கிப் போயிரும், அதைத் தாங்குற பிரேம் அலுமினியமா இருந்தா புள்ளி புள்ளியா அரிக்கும், இரும்பா இருந்தா வெல்டிங் வச்ச இடத்துல இருந்து துரு ஆரம்பிக்கும். கைப்பிடிக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்னு கேட்டா கடைக்காரர் 304 கிரேடைத்தான் எடுத்துப் போடுவார், கடலோரத்துல அதுவும் பழுப்பேறும், 316 கிரேடுன்னு கேட்டு வாங்கணும், விலை கூடத்தான் செய்யும்.

முத்தம் வைக்கிறதுன்னா பெருசா வேணாம், பத்துக்குப் பத்து இருந்தாலே போதும். மழைத்தண்ணி போக வழியும் சரிவும் மொதல்லயே பிளான்ல இருக்கணும், ஐப்பசி கார்த்திகையில கொட்டுற மழை எல்லாம் அங்கதான் வந்து இறங்கும். திருட்டுக்குப் பயந்து மேல கம்பி அழி (கிரில்) போடுங்க, வேணாம்னு சொல்லல. ஆனா அதுக்கு மேல பிளாஸ்டிக் ஷீட்டைப் போட்டு நாலு பக்கமும் அடைச்சிடாதீங்க, அப்படி அடைச்சா அது முத்தம் இல்ல அடுப்பு. ஷீட்டு போட்டே ஆகணும்னா சுத்தி ஒன்றரை அடி இடைவெளி விட்டு உசத்திப் போடுங்க.

இன்னொண்ணு. உங்க ஆசை எழுதியிருக்கீங்க, உம்மா ஆசை எழுதியிருக்கீங்க, காலம் பூரா அந்த வீட்டுல இருக்கப் போற புள்ள என்ன சொல்லுதுன்னு ஒரு வரி கூட இல்லையே பாய். இன்னிக்கு ராத்திரி வாட்ஸப்ல கூப்பிட்டு அதுகிட்ட கேளுங்க, எலிவேஷன் எப்படி வேணும்னு கேக்காதீங்க, மத்தியானம் ரெண்டு மணிக்கு நீ எந்த இடத்துல உக்காந்திருக்க ஆசைப்படுறன்னு கேளுங்க. அது சொல்ற பதில்ல இருந்துதான் பிளானே ஆரம்பிக்கணும்.

பாம்பன் வாசகர்: அண்ணே, வீடு கட்டி எட்டு வருஷம்தான் ஆகுது. படுக்கிற ரூம் சீலிங்ல காங்கிரீட் பாளம் பாளமா பேந்து விழுது, கம்பி வெளிய தெரியுது. மேல பூசிவிட்டா சரியாயிரும்னு கொத்தனார் சொல்றார். பூசலாமா?

பூசாதீங்க தம்பி. மொதல்ல கட்டிலை வேற ரூமுக்கு மாத்துங்க, பதிலை அப்புறம் படிக்கலாம்.

காங்கிரீட்டுக்குள்ள இருக்கிற கம்பி லேசுல துருப்பிடிக்காது, சிமெண்டோட காரத்தன்மையால அதுமேல மெல்லிசா ஒரு பாதுகாப்புப் படலம் இருக்கும். உப்புல இருக்கிற குளோரைடு உள்ள போய்தான் அந்தப் படலத்தை உடைக்குது. துரு வந்துட்டா அது பழைய இடத்துக்குள்ள அடங்காது, இரும்பு இருந்ததை விடப் பல மடங்கு இடம் கேக்கும், அந்த நெருக்குதல்லதான் காங்கிரீட் வெடிச்சு விழுது. மேல பூசினா உள்ள நடக்குறது நிக்கவா போகுது, அடுத்த தடவை பூச்சும் சேந்து விழும், அவ்வளவுதான்.

உப்பு காத்துல வர்றது பாதி, நாமளே கலந்து விடுறது பாதி. காங்கிரீட் போடுறதுக்கான இந்திய விதிமுறை ஐஎஸ் 456, 2000ல திருத்தினது, அதுல கம்பி போட்ட காங்கிரீட்டுக்கு கலக்குற தண்ணியில லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல குளோரைடு இருக்கக் கூடாதுன்னு இருக்கு. கடல் தண்ணியில கிட்டத்தட்ட 19,000 மில்லிகிராம் இருக்கும். அப்ப நாப்பது குடம் நல்ல தண்ணியில ஒரு குடம் கடல் தண்ணி கலந்தாலே எல்லைக்கு வந்துருது. நம்ம ஆளுங்க போர் தண்ணியை நாக்குல வச்சுப் பாத்துட்டு "லேசாத்தான் கரிக்குது, போடலாம்"ங்கிறாங்க. நாக்குக்கு அந்தக் கணக்கு தெரியாது, ஒரு பாட்டில்ல புடிச்சு லேப்ல குடுங்க. கலக்குற தண்ணி நல்லதா இருந்து க்யூரிங்குக்கு, அதாவது போட்ட காங்கிரீட் இறுகுறதுக்கு, உப்புத்தண்ணி அடிச்சாலும் அதே கதைதான்.

ரெண்டாவது, கவர். அதே விதிமுறை கடலோரத்தை "சிவியர்" (கடுமையான சூழல்)ங்கிற வகையில வச்சு, கம்பிக்கு வெளிய 45 மில்லிமீட்டர் காங்கிரீட் இருக்கணும், காங்கிரீட்டோட பலம் எம்30 கிரேடுக்குக் குறையக் கூடாதுன்னு சொல்லுது. சைட்ல என்ன நடக்குது? கம்பி கட்டி முடிச்சதும் கவர் பிளாக் (கம்பியைப் பலகையில படாம தூக்கி வைக்கிற சின்னக் கட்டை) இல்லைன்னு காலடியில கெடக்குற ஜல்லியில ஒண்ண எடுத்து கம்பிக்கு அடியில சொருகுறாங்க, காங்கிரீட் கொட்டும்போது ஆளுங்க அதுமேல நடக்குற நடையில ஜல்லி உருண்டு ஓடிப்போயிரும், கம்பி நேரா சென்ட்ரிங் பலகையில போய் உக்காந்துக்கும். பலகையைப் பிரிச்சு அண்ணாந்து பாத்தா கம்பியோட வரி வரியா தடமே தெரியும். அன்னிக்கே அந்த வீட்டோட ஆயுசு பாதி போச்சு. கவர் பிளாக்குக்கு ஆகுற காசு, கிரகப்பிரவேச பந்தலுக்கு ஆகுற காசுல ஒரு மூலைக்கு வராது.

உங்க ஊர்லயே பாருங்க, 2025 ஏப்ரல்ல திறந்த புது ரயில் பாலத்துல கம்பியே ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்லதான் போட்டிருக்காங்க. 1914ல திறந்த பழைய பாலம் நூறு வருஷத்தைத் தாண்டுச்சுன்னா அதுக்கும் காரணம் விடாம பெயிண்ட் அடிச்சு, போன இரும்பை மாத்திக்கிட்டே இருந்ததுதான். நமக்கு ஸ்டெயின்லெஸ் கம்பி கட்டுப்படியாகாது, 45 மில்லிமீட்டர் கட்டுப்படியாகும்.

இப்ப உங்க வீட்டுக்கு: ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரைக் கூட்டிட்டு வந்து காட்டுங்க, நான் இங்க இருந்து சொல்றது பொதுவானதுதான். தளத்துக்கு அடியில ஜாக்கி முட்டுக் குடுத்துட்டு, தட்டிப் பாத்து பொத்துன்னு சத்தம் வர்ற இடத்தையெல்லாம் கொத்தி எடுக்கணும், கம்பிக்குப் பின்னாடி வரைக்கும் கொத்தணும், துருவை வெள்ளையா பளிச்சுன்னு தெரியிற வரைக்கும் தேய்க்கணும், கம்பி ரொம்ப மெலிஞ்சிருந்தா பக்கத்துல புதுக்கம்பி சேக்கணும், அப்புறம் பிரைமர், அப்புறம் பாலிமர் கலந்த கலவை. ரொம்ப தூரம் போயிருந்தா அந்தத் தளத்தையே எடுத்துட்டுப் போடச் சொல்வாங்க, அதுக்கும் மனசைத் தயார் பண்ணிக்கங்க.

ஏர்வாடி வாசகி: வடக்குப் பக்கம் வெயிலே வராதுன்னு சொல்லி சன்ஷேட் இல்லாம பெரிய ஜன்னல் வச்சாங்க. மே, ஜூன் ரெண்டு மாசமும் வெயில் உள்ள வந்து விழுதே, ஏன் சார்?

"வடக்கு வெளிச்சம் குளிர்ச்சி"ங்கிறது டெல்லிக்கும் அதுக்கு மேல இருக்கிற ஊருக்கும் சரிம்மா. நம்ம ஊரு பூமத்திய ரேகைக்கு 9 டிகிரி சொச்சம்தான் வடக்க இருக்கு. சித்திரை பொறக்கிற சமயத்துல மத்தியானச் சூரியன் நேரா நம்ம உச்சந்தலைக்கு மேல வந்துரும், அதுல இருந்து ஆவணி பாதி வரைக்கும் அது நமக்கு வடக்காலதான் இருக்கும். நாலு மாசத்துக்கு மேல வடக்குச் சுவர்தான் வெயில் வாங்குது, வாங்க வேண்டிய தெக்குச் சுவர் நிழல்ல நிக்குது. மத்தியானத்துக்கு ரெண்டடி சாய்ப்பு வச்சாலே தாராளம், சூரியன் அவ்வளவு உசரத்துல இருக்கும். காலையிலயும் சாயங்காலமும் சாஞ்சு வர்ற வெயிலுக்கு அது பத்தாது, ஜன்னலோட ரெண்டு ஓரத்துலயும் செங்குத்தா ஒன்றரை அடிக்கு ஒரு தடுப்பு எழுப்பிக்கங்க.

தேவிபட்டினம் வாசகி: கிச்சன் அக்னி மூலையிலதான் வரணும்னு வீட்டுக்காரர் அடம் புடிக்கிறார். நீங்க வாஸ்து நம்புறீங்களா, இல்லையா? நேரா சொல்லுங்க.

நேரா சொல்றேன்க்கா, நான் காத்தை நம்புறேன். இந்தக் கேள்வியில உங்க வீட்டுக்காரர் ஜெயிச்சுட்டார், ஆனா வேற காரணத்துக்கு. நம்ம கரையில வருஷத்துல பெரிய காத்து ரெண்டுதான், கோடையில இருந்து தென்மேற்கு கச்சான், ஐப்பசிக்கு மேல வடகிழக்கு வாடை. ஒரு பேப்பர்ல சதுரம் போட்டு தென்கிழக்கு மூலையில அடுப்பை வைங்க. கச்சான் அடிச்சா பொகை கிழக்குச் சுவரை ஒட்டியே வெளிய போயிரும். வாடை அடிச்சா தெக்குச் சுவரை ஒட்டி வெளிய போயிரும். ரெண்டு காத்துலயும் மீன் வறுக்குற வாசம் படுக்கிற ரூமுக்குள்ள நுழையாது. இதே கணக்கை எதிர்மூலைக்குப் போட்டாலும், அதாவது வடமேற்குக்குப் போட்டாலும் சரியா வருது, பாருங்க வாஸ்துக்காரங்களும் அக்னி மூலை அமையலைன்னா வாயு மூலையிலதான் வைக்கச் சொல்றாங்க. ஆக யாரோ ஒரு காலத்துல பொகையைப் பாத்துட்டுத்தான் எழுதியிருக்கணும்னு நான் நினைச்சுக்கிறேன்.

அதுக்காக எல்லாத்துக்கும் தலையாட்ட மாட்டேன். ஈசானியத்துல பாரம் ஆகாதுன்னு நல்லாருந்த மாடிப்படியை இடிச்சு, இருட்டு மூலையில கொண்டு போய் வச்ச வீடு நம்ம பக்கத்துலயே இருக்கு, அந்த வீட்டு ஆத்தா இப்ப மாடிக்கே ஏறுறது இல்ல.

திருப்புல்லாணி வாசகர்: நீங்க இருக்கிற வீடு எப்படி இருக்கும் சார்?

வாடகை வீடு. ஆணி அடிக்கக் கூட ஓனர்கிட்ட கேக்கணும்.

சாயல்குடி, ப்ளஸ் டூ மாணவி: எனக்கு ஆர்க்கிடெக்சர் படிக்க ஆசை அண்ணா. ஆனா படம் வரைய அவ்வளவா வராது. வீட்டுல இன்ஜினியரிங் படி, மத்ததை அப்புறம் பாத்துக்கலாம்ங்கிறாங்க. கிரியேட்டிவிட்டி பொறப்புலயே இருக்கணுமா?

படிப்பு விஷயத்தை மொதல்ல சொல்லிர்றேன் தங்கச்சி. பி.ஆர்க் அஞ்சு வருஷம், ப்ளஸ் டூல கணக்கு கட்டாயம் இருக்கணும், நாட்டாங்கிற (NATA) நுழைவுப் பரீட்சை எழுதணும், படிச்சு முடிச்சு கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சர்ல பதிஞ்சாத்தான் ஆர்க்கிடெக்ட்னு போர்டு போட முடியும், அது 1972ல வந்த சட்டம். இந்த வருஷத்து மார்க் கணக்கு, தேதி எல்லாம் கவுன்சிலோட வெப்சைட்ல பாத்துக்க, சொந்தக்காரங்க சொல்றதை வச்சு முடிவு பண்ணாத.

படம் வரையிறது பழகினா வரும். பாக்குறதுதான் பழகணும். ஒரு வேலை தர்றேன். மத்தியானம் ஒரு மணிக்கு ஈசிஆர்ல ஏதாவது ஒரு பஸ் ஸ்டாப்புக்குப் போ. மேல தகரம் போட்டு, ஸ்டீல் சேர் போட்டு ஒரு நிழற்குடை இருக்கும், உள்ள ஒருத்தரும் இருக்க மாட்டாங்க. சேர் தொட்டா சுடும், தகரம் மேல இருந்து காயும். ஜனம் எல்லாம் எங்க நிக்கும்னா நிழற்குடையோட முதுகுப்பக்கம் விழுற நிழல்ல, இல்லாட்டி எதிர்த்த வேப்ப மரத்தடியில, மரமும் இல்லைன்னா கரண்ட் கம்பத்தோட நிழல்ல ஒருத்தர் பின்னாடி ஒருத்தரா வரிசையா நிப்பாங்க, கம்பத்து நிழல் நகர நகர வரிசையும் நகரும். அதை ஒரு நோட்டுல கோடு கோடா போட்டுக் காட்டு, மனுசனை குச்சி குச்சியா போட்டாலும் பரவாயில்ல. எங்க நிழல் விழுது, சேரை எங்க திருப்பிப் போட்டிருந்தா ஆள் உக்காந்திருப்பாங்கன்னு நீ யோசிக்க ஆரம்பிச்சிட்டா அதுக்குப் பேருதான் டிசைன், பொறப்புக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல.

"அப்புறம் பாத்துக்கலாம்"ங்கிறது எல்லாருக்கும் அமையாது, ஆனா அமைஞ்சவங்களும் உண்டு. நமக்கு அக்கரையில, இலங்கையில ஜெஃப்ரி பாவான்னு ஒரு ஆர்க்கிடெக்ட், 1919ல பொறந்தவர், மொதல்ல வக்கீலா இருந்தார், 1957ல தன்னோட 38ஆவது வயசுலதான் ஆர்க்கிடெக்ட் தகுதி வாங்கினார். அதுக்கப்புறம்தான் நம்மளை மாதிரி வெக்கையும் மழையும் இருக்கிற ஊருக்கு வீடு எப்படி இருக்கணும்னு தெற்காசியாவுக்கே காட்டினார். இதை வீட்டுல சொல்லாத, "பாத்தியா, அப்புறமும் படிக்கலாம்"னு உன்னை இன்ஜினியரிங்ல சேத்து விட்டுருவாங்க.

தங்கச்சிமடம் வாசகி: குடிசையா இருந்த இடத்துல அரசாங்கத் திட்டத்துல வீடு வந்திருக்கு, மூணரை லட்சம். 360 சதுர அடி. நாங்க அஞ்சு பேர், அதுபோக வலை வேற. இதுக்கெல்லாம் உங்களை மாதிரி ஆள் பிளான் போட்டுத் தருவீங்களா?

ஏன்மா தரமாட்டோம், பெரிய வீட்டுக்குப் பிளான் போடுறது லேசு, இதுக்குத்தான் மண்டையைக் கசக்கணும். கலைஞர் கனவு இல்லம் திட்டத்துல 360 சதுர அடியில 300 காங்கிரீட் தளம், மிச்சம் 60 சதுர அடிக்கு தீப்பிடிக்காத வேற கூரை போட்டுக்கலாம். எல்லாரும் அந்த அறுபதைப் பின்னாடி தள்ளி விறகு போட வச்சிடுறாங்க. நீங்க முன்னாடி கொண்டு வாங்க. பத்தடிக்கு ஆறடி, ஓடு போட்ட திண்ணை. அஞ்சு பேர்ல ரெண்டு பேர் எப்பவும் அங்கதான் இருப்பாங்க, உள்ள 300 அடி உங்களுக்கு 400 அடியா ஆகும். ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் தடைக்காலம், விசைப்படகுக்குப் போறவங்க எல்லாம் வீட்டோடதான் இருப்பாங்க, வலை பொத்துறதும் அங்கதான், சீட்டு ஆடுறதும் அங்கதான், உள்ள விட்டீங்கன்னா நீங்க சோறு பொங்க முடியாது.

தளம் போடுறதுக்கு முந்தின நாள் ஞாபகமா ஒண்ணு செய்யுங்க. சீலிங்ல கொக்கி வைக்கச் சொல்லுங்க. தொட்டிலுக்கு ஒண்ணு, திண்ணை உத்தரத்துல வலையை இழுத்துக் கட்ட ரெண்டு, உள்ள துணிக்கொடிக்கு எதிரெதிரா ரெண்டு. கம்பியோட சேத்துக் கட்டிட்டு காங்கிரீட் போட்டா காலத்துக்கும் இருக்கும், காசுன்னு பாத்தா ஒண்ணுமே இல்ல, மறந்துட்டீங்கன்னா அப்புறம் டிரில்லரைப் போட்டு ஓட்டை போட்டு அந்த ஓட்டை வழியா துரு இறங்கும். கொக்கி சாதாக் கம்பியில வளைக்க வேணாம், ஸ்டெயின்லெஸ்ல வாங்குங்க, இந்த அளவுக்கு ஸ்டெயின்லெஸ் நமக்கும் கட்டுப்படியாகும். ஜன்னல் ரெண்டே ரெண்டுதான் முடியும்னா தென்மேற்குல ஒண்ணு, அதுக்கு நேர் எதிர்ல ஒண்ணு, ஒரே சுவர்ல ரெண்டையும் வைக்காதீங்க.

வேதாளை வாசகர்: தாத்தா கட்டின வீடு, சுவர் எல்லாம் கடல்ல இருந்து எடுத்த பவளப்பாறைக் கல்லு. சிமெண்ட் பூசினோம், ரெண்டு வருஷத்துல ஓதம் ஏறி பொரிஞ்சு கொட்டுது. இடிச்சிரலாமா? இல்ல அதே கல்லு கொஞ்சம் வாங்கி ரிப்பேர் பண்ணலாமா?

இடிக்க வேணாம், வாங்கவும் வேணாம். அந்தக் கல்லு கண்ணு கண்ணா ஓட்டை உள்ளது, உப்பும் ஈரமும் உள்ளயே இருக்கும், ஈரம் உள்ள போய் வெளிய வர வழி வேணும். சுண்ணாம்புப் பூச்சு அதுக்கு வழி விடும், சிமெண்ட் அடைச்சிரும், அடைச்ச இடத்துல உப்பு பூத்து பூச்சைத் தள்ளி விடுது. சிமெண்டை முழுசா கொத்தி எடுத்துட்டு, சுவரை ஒரு கோடை முழுக்கக் காய விட்டு, நீத்துன சுண்ணாம்புல பூசி சுண்ணாம்பே அடிங்க. சுண்ணாம்பு வேலை தெரிஞ்ச கொத்தனார் காரைக்குடிப் பக்கம் இன்னும் கிடைப்பாங்க. அவசரப்படுத்தாதீங்க, சுண்ணாம்பு காயிறதுக்கு நாள் எடுக்கும்.

கல்லு விஷயம்: மன்னார் வளைகுடாவுல 21 தீவு சேத்து 1986ல தேசியப் பூங்காவா அறிவிச்சாச்சு, 2001ல பவளத்தை வனவிலங்குச் சட்டத்தோட முதல் அட்டவணையில சேத்தாச்சு. எடுத்தாலும் குத்தம், வித்தாலும் குத்தம். சட்டத்தை விடுங்க, பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லின்னு அதுல ரெண்டு தீவு இப்ப தண்ணிக்குள்ள போயிருச்சு, வருஷக்கணக்கா கல்லு வெட்டி எடுத்ததுதான் அதுக்குப் பெரிய காரணமா சொல்றாங்க. தாத்தா காலத்துல அது அவங்களுக்குக் கைக்கு எட்டின கல்லு, சூளையில சுட்டா சுண்ணாம்பு, அடுக்கினா சுவர். தனுஷ்கோடியில இடிஞ்சு நிக்குற சர்ச் சுவரைப் போய்ப் பாருங்க, அதே கல்லுதான், 1964 புயல் கூரையைக் கொண்டு போயிருச்சு, சுவர்ல பாதி நிக்குது. உங்க வீடும் நிக்கும்.

மண்டபம் வாசகர்: இந்தக் கரையில உங்களுக்குப் பிடிச்ச கட்டடம் எது?

ராமேஸ்வரம் கோவில் மூணாம் பிரகாரத்தைச் சொல்லாட்டி ஊருக்குள்ள விட மாட்டாங்க, அதுக்காக இல்லாமலும் அதைத்தான் சொல்வேன். 18ஆம் நூற்றாண்டுல சேதுபதிகள் கட்டினது, 1212 தூண்ணு கணக்கு. எல்லாரும் நீளத்தைப் பாத்து போட்டோ எடுக்குறாங்க. நான் பாக்குறது அந்தத் தூணெல்லாம் தரையில இருந்து எழும்பாம, ஆள் மார்பு உசரத்துக்கு ஒரு திட்டு கட்டி அதுமேல நிக்குது பாருங்க, அதை. கூட்டம் கீழ நடக்கும், தூணுக்கு நடுவுல திட்டு மேல முன்னெல்லாம் யாத்திரைக்காரங்க மூட்டையை வச்சுட்டுப் படுத்துக் கெடப்பாங்க, போற கூட்டமும் படுத்த கூட்டமும் இடிச்சுக்கிறதே இல்ல. அவ்வளவு பெரிய பிரம்மாண்டத்துல களைச்சு வந்தவனுக்கு ஒரு இடம் ஒதுக்கியிருக்காங்கல்ல, அதுக்குத்தான் கும்பிடு.

கீழக்கரை ஜும்மா பள்ளியும் பாக்கணும், கோவில் மண்டபத்துக்குச் செதுக்குன அதே கை வேலையில கல்லுத்தூண், ஆனா உருவம் ஒண்ணும் இல்லாம பூவும் கொடியுமா.

மூணாவதா ஒண்ணு சொன்னா சிரிப்பீங்க. கடக்கரையில வலை பின்னுறதுக்குப் போட்டிருக்கிற ஓலைக் கொட்டகை. நாலு பனங்கால், மேல பனை ஓலை. குனிஞ்சாத்தான் உள்ள போக முடியும், ஏன் இவ்வளவு தாழ்வா போட்டிருக்காங்கன்னு உள்ள போய் மணல்ல உக்காந்தாத்தான் புரியும். உக்காந்தவன் கண்ணு மட்டத்துக்குக் கொஞ்சம் மேலதான் ஓலை விளிம்பு நிக்கும், வானத்தோட கூசுற வெளிச்சம் முழுக்க மறைஞ்சிரும், கடலும் படகும் மட்டும் தெரியும், காத்து ஓலைக்கு அடியில புகுந்து முகத்துல அடிக்கும். நின்னா அந்த அளவு தப்பு, உக்காந்தா அச்சு அசலா சரி. வலை பின்னுறவன் நிக்கிறது இல்லையே. லட்சக்கணக்குல செலவு பண்ணி கட்டுற ரிசார்ட் வராண்டாவுல கூரையைப் பத்தடிக்குத் தூக்கி வச்சுட்டு வெளிச்சம் கூசுதுன்னு மூங்கில் திரை தொங்க விடுறாங்க.

உச்சிப்புளி வாசகர்: ஐடியாவே வராத நாள்ல என்ன பண்ணுவீங்க? கடலைப் பாத்து உக்காந்துருவீங்களா?

கடலைப் பாத்து உக்காந்தா தூக்கம்தான் வரும். என்னால எது முடியாதுன்னு ஒரு லிஸ்ட் எழுதுவேன். பணம் இவ்வளவுக்கு மேல இல்ல, லாரி உள்ள வராது, தண்ணி உப்பு, பக்கத்து வீட்டுக்காரர் வேலியை நகத்த விட மாட்டார். வெள்ளைத்தாள்ல எனக்கு ஒரு எழவும் தோணாது, இந்த லிஸ்ட்டைப் பக்கத்துல வச்சாத்தான் கை ஓடும். உங்க ஊர்ப்பக்கமே ஒரு வீட்டுக்கு, இடத்துக்கு நட்ட நடுவுல ரெண்டு பனை. வெட்டிரலாம்னாங்க. பனையை வெட்டக் கலெக்டர் அனுமதி வேணும்னு 2021ல அரசாங்கம் சொல்லியாச்சே, அதுவும் இல்லாம எனக்கே மனசு வரல. வீட்டை ரெண்டாப் பிரிச்சு நடுவுல மரத்தை விட்டு, மாடிப்படியை அதைச் சுத்தி ஏத்தினோம். இப்ப வர்றவங்க எல்லாம் என்னா ஐடியாங்கிறாங்க. காஞ்ச மட்டையும் பழமும் எங்க விழும்னு பாத்து பாத்து பாதையை ஒதுக்கினது யாருக்கும் தெரியாது, அதுதான் அதுல நெசமான வேலை.

லாரி பேக்கரைப் பாருங்க, இங்கிலாந்துக்காரர், 1945ல இந்தியாவுக்கு வந்து, பின்னாடி கேரளாவுல வீடு கட்டிக் குடுத்தே வாழ்ந்து 2007ல போய்ச் சேந்தவர். செங்கல்லைப் படுக்க வைக்காம நிக்க வச்சு நடுவுல இடைவெளி விட்டுக் கட்டுற முறையை ஊர் ஊருக்குப் பரப்பினார், கல்லுல கால்வாசி மிச்சம், நடுவுல காத்து இருக்கிறதால சூடும் குறையும். கையில காசு கம்மியா இருக்கிறவங்களுக்கே கட்டிக்கிட்டு இருந்ததாலதான் அந்த முறையை அவர் விடல. காசு கொட்டுற கஸ்டமரா இருந்திருந்தா ஒருவேளை அவரும் கண்ணாடி போட்டிருப்பார், யாரு கண்டா.

மதுரை வாசகர்: சேதுக்கரைப் பக்கம் கடல் தெரியிற மாதிரி இடம் பாத்து அட்வான்ஸ் குடுத்துட்டேன். லீவுக்கு வந்து தங்க ஒரு வீடு. கடல் எல்லா ரூம்ல இருந்தும் தெரியணும். எப்படிப் பிளான் பண்ணலாம்?

பிளானுக்கு அவசரம் இல்ல சார், மொதல்ல அந்த சர்வே நம்பரை எடுத்துக்கிட்டு கடலோர ஒழுங்குமுறை மண்டல மேப்ல இடம் எங்க வருதுன்னு ராம்நாட்டுல போய்ப் பாருங்க. உயர் அலைக்கோட்டுல இருந்து 500 மீட்டர் வரைக்கும் அந்த விதிக்குள்ள வரும். 2011 அறிவிக்கைப்படி கிராமப் பகுதியில முதல் 200 மீட்டர்ல புதுசா கட்ட முடியாது, 200ல இருந்து 500 வரைக்கும் 9 மீட்டர் உசரம், கீழ் தளம் பிளஸ் ஒரு மாடி, அதுவும் காலங்காலமா அங்கயே குடியிருக்கிற ஊர்க்காரங்களை மனசுல வச்சு எழுதினதே தவிர லீவுக்கு வர்றவங்களுக்காக எழுதினது இல்ல. 2019ல புது அறிவிக்கை வந்து சில இடத்துல தூரத்தைக் குறைச்சிருக்கு, உங்க இடத்துக்கு எது பொருந்தும்னு ஆபீஸ்ல எழுத்துல வாங்குங்க. புரோக்கர் "அதெல்லாம் பாத்துக்கலாம் சார்"னு சொன்னா அவர் பாத்துக்க மாட்டார்.

கடல் எல்லா ரூம்ல இருந்தும் தெரியணும்ங்கிறதை அப்புறம் பேசுவோம். படுக்கிற ரூம்ல இருந்து தெரிஞ்சா காலையில விடிஞ்சதுமே வெளிச்சம் கண்ணுல குத்தும், நீங்க லீவுக்குத் தூங்கத்தானே வர்றீங்க. இப்ப உடனே பாக்க வேண்டியது அட்வான்ஸ் ரசீது. அதுல "கட்டட அனுமதி கிடைக்காத பட்சத்தில் தொகை திருப்பித் தரப்படும்"னு ஒரு வரி இருக்கான்னு பாருங்க. இல்லைன்னா பத்திரம் போடுறதுக்கு முன்னாடி அந்த வரியை எழுதி வாங்குங்க, கொடுக்க மாட்டேன்னு சொன்னாங்கன்னா உங்களுக்குப் பதில் கிடைச்சிருச்சு.